காற்றுத் துப்பாக்கிக்கும் லைசென்ஸா? துப்பாக்கி சுடும் வீரர்கள் சட்டத்தை மாற்றிய கதை

லைசென்ஸ் என்ற சொல்லை நம் வணிகப் பெருமக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாநகராட்சித் தொழில் உரிமம், தராசுக்கு முத்திரை, உணவுப் பாதுகாப்புப் பதிவு, தீபாவளி வந்தால் பட்டாசுக்குத் தற்காலிக உரிமம் என்று வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு காகிதத்துக்குக் கெடு நெருங்கிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் இந்தக் கட்டுரை சொல்லப்போவது இவற்றில் எதைப் பற்றியும் அல்ல. துப்பாக்கி லைசென்ஸைப் பற்றியது.

மளிகைக் கடைக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மயிலாப்பூரில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருப்பவர் பொம்மைத் துப்பாக்கி விற்கிறார். தி.நகரில் நகைக்கடை வைத்திருப்பவர் வாசலில் துப்பாக்கிக் காவலரை நிறுத்துகிறார். அடையாறில் விளையாட்டுச் சாமான் விற்பவரிடம் காற்றுத் துப்பாக்கி கிடைக்குமா என்று பையனை அழைத்துக்கொண்டு தகப்பனார் வருகிறார். இவர்கள் மூவரும் ஆயுதச் சட்டத்தின் எல்லையில் நின்றுதான் வியாபாரம் செய்கிறார்கள். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டு நாடாளுமன்றத்துக்கு வந்த ஒரு மசோதாவின் முக்கிய ஷரத்து, எண்ணிக்கையில் மிகச் சிறிய ஒரு பிரிவினர் எழுப்பிய ஆட்சேபத்தால் பத்தே நாளில் மாறியது. கடையடைப்பு நடத்தியும் காலக்கெடு நீட்டிப்புக்கு மேல் பெரிதாக எதையும் பெறாத அனுபவம் நமக்கு உண்டு. ஆகவே அவர்கள் செய்தது என்ன என்று தெரிந்துகொள்வது நமக்கு நல்லது.

பருப்புப் பொட்டலக் கணக்கு

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலோ மெரினாவிலோ மாலை நேரத்தில் பலூன்களை வரிசையாகக் கட்டி வைத்து, காசு வாங்கிக்கொண்டு சுடச் சொல்கிறார்களே, அந்தத் துப்பாக்கிதான் காற்றுத் துப்பாக்கி. இதில் வெடிமருந்து கிடையாது. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அழுந்துகிறது. விசையை இழுத்தால் ஸ்பிரிங் விடுபட்டுக் காற்றை அழுத்த, அந்தக் காற்று சிறிய ஈய ரவையைத் தள்ளுகிறது. (நம் கடையில் ரவை என்றால் உப்புமாவுக்கு. இவர்கள் ரவை ஈயத்தில் வார்த்தது, ஒரு டப்பாவுக்கு ஐந்நூறு இருக்கும்.) போட்டிகளில் பயன்படும் உயர்ரகத் துப்பாக்கிகளில் ஸ்பிரிங்குக்குப் பதில் ஒரு சிறு உருளையில் காற்றை அடைத்து வைக்கிறார்கள். தத்துவம் ஒன்றுதான்.

சட்டம் இந்தத் துப்பாக்கியை இரண்டு அளவால் மதிப்பிடுகிறது. ஒன்று குழலின் உள்விட்டம். மற்றொன்று ரவை குழல் வாயை விட்டு வெளியேறும்போது அதில் இருக்கும் சக்தி. இதை ஜூல் கணக்கில் சொல்வார்கள். இன்றைய விதிப்படி எல்லைக்கோடு 20 ஜூல். அது எவ்வளவு என்று கேட்டால், ஒரு கிலோ துவரம் பருப்புப் பொட்டலத்தைத் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் உள்ள தட்டில் தூக்கி வைக்கச் செலவாகும் சக்தி ஏறக்குறைய 20 ஜூல். பையன் நாள் முழுவதும் செய்கிற வேலை! இதற்கா இத்தனை சட்டம் என்று தோன்றும். ஆனால் அந்தச் சக்தி முழுவதும் நாலரை மில்லிமீட்டர் முனையில் குவிந்து ஒரு கண்ணின் மேல் விழுந்தால் கண் போய்விடும். சின்னஞ்சிறு பறவை என்றால் உயிரே போய்விடும். தகராறு முழுவதும் இந்த இடத்தில்தான்.

ஒலிம்பிக் போட்டிகளில் 10 மீட்டர் தூரத்தில் சுடும் காற்றுத் துப்பாக்கியின் சக்தி இந்த எல்லையில் பாதிகூட வராது, ஏழெட்டு ஜூல்தான். ஆனால் சுட வேண்டிய குறியின் நடுப்புள்ளியோ அரை மில்லிமீட்டர். கடுகில் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பலம் காட்டும் விளையாட்டு அல்ல இது. மூச்சை அடக்கி, கையை நிலைநிறுத்தும் விளையாட்டு. இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் தங்கம் இதில்தான் கிடைத்தது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வென்றார். 2012இல் லண்டனில் இதே பிரிவில் வெண்கலம் வென்ற ககன் நாரங் பிறந்தது நம் சென்னையில். 2024இல் பாரிஸில் மனு பாக்கர் வென்ற இரண்டு வெண்கலமும் காற்றுக் கைத்துப்பாக்கியில் வந்தவையே. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கோப்பைப் போட்டியில் காற்று ரைபிளில் தங்கம் வென்றார். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் பறக்கும் தட்டைச் சுடும் பிரிவில் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனார். அவர் பிடிப்பது காற்றுத் துப்பாக்கி அல்ல, தோட்டா போடும் 12 போர் துப்பாக்கி. இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாக வரும்.

சட்டம் வந்த வழி

1878ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர் ஆயுதம் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு அதை ஒதுக்கிவிட்டு 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றினார்கள். அது 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த 1962ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு ஓர் அறிவிக்கையின் மூலம் காற்றுத் துப்பாக்கிக்கு விலக்கு அளித்தது. மரப்பலகையை நிறுத்தி அருகிலிருந்து சுட்டுப் பார்க்க வேண்டும். ரவை அதிகம் புதையாவிட்டால் அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். ஜூல் கணக்கெல்லாம் அப்போது இல்லை. தச்சுப் பட்டறையில் செய்துவிடக்கூடிய எளிய சோதனைதான். இந்த ஏற்பாடு சுமார் ஐம்பது ஆண்டுகள் ஓடியது.

1983இல் ஒரு திருத்தம் வந்தது. ஒருவர் மூன்று துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது அது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட ரைபிள் கிளப் உறுப்பினர் குறி சுட்டுப் பழகுவதற்காக வைத்திருக்கும் .22 ரைபிளும் காற்று ரைபிளும் அந்த மூன்றில் சேராது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். விளையாட்டு வீரர்களுக்குச் சட்டப் புத்தகத்தில் கிடைத்த முதல் உறுதி இது.

2011இல் நிலைமை மாறியது. பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் என்ற விலங்கு நல அமைப்பு தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. காற்றுத் துப்பாக்கியால் பறவைகளும் சிறு விலங்குகளும் கொல்லப்படுகின்றன, கடையில் எவரும் எதுவும் கேட்காமல் வாங்கிப் போக முடிகிறது என்பது அவர்கள் வாதம். காற்றுத் துப்பாக்கியும் ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று நீதிமன்றம் கூறியது. விற்பவர், வாங்குபவர், பயிற்சி தரும் கிளப் எல்லோருக்கும் தங்கள் நிலை என்ன என்ற கேள்வி எழுந்தது. தன் பையனுக்குப் பத்து மீட்டர் பயிற்சி கொடுக்க விரும்பும் நடுத்தரக் குடும்பத்துத் தகப்பன் ரிவால்வர் வாங்குபவரைப் போல மனுப்போட்டு, போலீஸ் விசாரணைக்குக் காத்திருந்து, வருஷக் கணக்கில் அலைய வேண்டுமா என்பதுதான் விளையாட்டுத் தரப்பின் கவலை. பன்னிரண்டு வயதில் துவங்க வேண்டிய பயிற்சி பதினைந்தில் துவங்கினால் ஆள் பின்தங்கிவிடுவார் அல்லவா!

எதிர்த்தரப்பின் கவலையும் வெறும் கூச்சல் அல்ல. நம் அடையாறு முகத்துவாரத்துக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் எத்தனை தூரத்திலிருந்து பறவைகள் வருகின்றன என்பதை இந்தப் பகுதி அன்பர்கள் அறிவார்கள். அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் காற்றுத் துப்பாக்கிகளைத் தாமாகவே ஒப்படைக்கும் இயக்கம் ஒன்றை அங்குள்ள அரசு துவக்கியது. அந்த வருஷம் முடிவதற்குள் 1,600க்கு மேற்பட்ட துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. விளையாட்டுச் சாமான் என்று நாம் நினைப்பது காட்டோர கிராமத்தில் வேட்டைக் கருவியாக இருந்திருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

கடைசியில் 2016 ஜூலையில் வெளிவந்த புதிய ஆயுத விதிகள் இரு தரப்புக்கும் நடுவே ஒரு கோடு போட்டன. உள்விட்டம் .177, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டாலோ, சக்தி 20 ஜூலைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். அதற்கு உட்பட்டதை வைத்திருக்க வேண்டாம். பலகைச் சோதனை போய் அளவுக் கருவி வந்தது. ஒலிம்பிக் துப்பாக்கி கோட்டுக்கு வெகு கீழே நிற்கிறது. காட்டுப் பன்றி சுடுமளவு திறனுள்ள பெரிய காற்றுத் துப்பாக்கி மேலே போய்விட்டது. என் கருத்தில் இது நியாயமான கோடு. பொருளின் பெயரைப் பார்த்து அல்ல, அது செய்யக்கூடிய சேதத்தைப் பார்த்துப் போட்ட கோடு. சில்லறைக் கடைக்கும் கிடங்குக்கும் ஒரே விதி எழுதும் அதிகாரிகளுக்கு இதை யாராவது காட்டினால் தேவலை.

பத்து நாளில் நடந்தது

2019 நவம்பர் 29 அன்று ஆயுதச் சட்டத் திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமானது. கள்ளத் துப்பாக்கி தயாரிப்போருக்கும் கடத்துவோருக்கும் கடுந்தண்டனை, கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், லைசென்ஸ் காலம் மூன்று ஆண்டுக்குப் பதில் ஐந்து ஆண்டு என்று பல விஷயங்கள் அதில் இருந்தன. இவற்றை யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. சச்சரவு ஒரே ஒரு வரியில்தான். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று இருந்ததை ஒன்று என்று குறைத்தார்கள்.

காற்று ரைபிளுக்கும் .22 ரைபிளுக்கும்தான் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறதே, வீரர்கள் ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்கலாம். மேலே சொன்ன வித்தியாசம் இங்கேதான் வருகிறது. தட்டுச் சுடும் 12 போர் துப்பாக்கிக்கும் போட்டிக் கைத்துப்பாக்கிக்கும் சட்டத்தின் அந்த வரியில் இடம் கிடையாது. அவற்றுக்கு உரிய சலுகை மத்திய அரசு அவ்வப்போது வெளியிடும் அறிவிக்கையில்தான் இருந்தது. சட்டத்தில் உள்ள சலுகையை நீக்க நாடாளுமன்றம் கூட வேண்டும். அறிவிக்கையில் உள்ள சலுகையை நீக்க ஒரு கையெழுத்துப் போதும். நமக்கும் இது தெரிந்த கதைதான். பட்ஜெட்டில் சொன்ன வரிச்சலுகையை நம்பிச் சரக்கு எடுத்தவர், நடு வருஷத்தில் வந்த ஓர் அறிவிக்கையால் கையைச் சுட்டுக்கொண்டது உண்டல்லவா?

மேலும், வீரர் என்று பெயர் எடுத்த பிறகுதான் அந்தச் சலுகை. பெயர் எடுக்கும் வரை அவர் சாதாரணப் பிரஜை. அவர் வீட்டில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று அவர் பெயரில் இருந்தால், அந்த ஒன்றோடு கணக்கு முடிந்துவிடும். பயிற்சித் துப்பாக்கிக்கு இடம் இல்லை.

இந்த ஆட்சேபம் யார் மூலம் தில்லிக்குப் போனது என்பதுதான் கவனிக்கத்தக்கது. இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951இல் துவங்கியது. துவக்கிய தலைவர் வேறு யாரும் அல்லர், மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி.வி. மாவ்லங்கர். இன்றும் அவர் பெயரில் சுடும் போட்டி நடக்கிறது. ஆக, இந்த விளையாட்டு பிறந்ததே அரசியல் வீட்டில். 2019இல் அந்தச் சங்கத்தின் தலைவர் ரணிந்தர் சிங். அவரும் தட்டுச் சுடும் வீரர். அவர் தந்தையார் அமரிந்தர் சிங் அப்போது பஞ்சாப் முதல்வர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் அதே மக்களவையில் ஆளுங்கட்சி உறுப்பினர். முன்னாள் விளையாட்டு அமைச்சரும்கூட.

அமரிந்தர் சிங் உள்துறை அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். எல்லை மாநிலம், தனித்தனியே வயலில் வீடு கட்டி வாழும் விவசாயிகள், அவர்களின் பாதுகாப்பு என்பதே அவர் முன்வைத்த நியாயம். பிற மாநிலங்களில் பரம்பரைத் துப்பாக்கி வைத்திருப்போரும் தங்கள் உறுப்பினர்களிடம் முறையிட்டனர். மூன்று வேறு தரப்பு, மூன்று வேறு காரணம், ஆனால் கேட்டது ஒரே எண்ணை மாற்ற வேண்டும் என்று. டிசம்பர் 9 அன்று மக்களவை மசோதாவை நிறைவேற்றியபோது ஒன்று என்பது இரண்டு ஆகியிருந்தது. விளையாட்டு வீரர்களின் சலுகைக்குப் பாதிப்பு வராது என்று அமைச்சர் அவையில் உறுதி கூறினார். மறுநாள் மாநிலங்களவையும் நிறைவேற்றியது. அந்த வாரமே குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது.

வீரர்கள் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. அவையில் சொன்னது காற்றோடு போகாமல் காகிதத்தில் வர வேண்டும் அல்லவா? 2020 பிப்ரவரி 12 அன்று உள்துறை அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது. ஒரு பிரிவில் புகழ்பெற்ற வீரர் நான்கு துப்பாக்கிக்குப் பதில் எட்டு வைத்திருக்கலாம். இரண்டு பிரிவு என்றால் ஏழுக்குப் பதில் பத்து. அதற்கும் மேல் என்றால் பன்னிரண்டு. இளம் வீரருக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு. பயிற்சிக்கு வாங்கும் தோட்டாவின் அளவையும் கணிசமாக உயர்த்தினார்கள். சாதாரணக் குடிமகனுக்கு மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்த அதே சமயத்தில் வீரருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காக உயர்ந்தது. தடுக்கப் போனவர்கள் லாபத்துடன் திரும்பினார்கள்.

மூன்றாவது துப்பாக்கி வைத்திருந்த சாமானியருக்கோ ஓராண்டு கெடு. அதற்குள் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். தாத்தா துப்பாக்கியானாலும் இந்த எண்ணிக்கைக்குள் அடங்க வேண்டும் என்றாகிவிட்டது.

எல்லோருக்கும் கிடைப்பதில்லை

சட்டத்தில் விலக்குப் பெற்றவர்கள் இன்னும் சிலர் உண்டு. குடகு மாவட்டத்துக் கொடவர் இனத்தவர் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே துப்பாக்கிக்கு விலக்கு அனுபவிப்பவர்கள். 2019 அக்டோபரில் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. திருவிழாவில் துப்பாக்கிக்குப் பூஜை செய்யும் சமூகம். ராணுவத் தளபதிகளைத் தந்த சமூகம். அவர்கள் குரலுக்கு தில்லியில் மதிப்பு உண்டு.

நம் ஊர் நரிக்குறவரை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கபாலி கோயில் அறுபத்து மூவர் திருவிழாவில் பாசிமணி விற்க வருகிறார்களே, அவர்கள் முன்னோர் தோளில் நாட்டுத் துப்பாக்கியுடன் காடை, கௌதாரி சுட்டுப் பிழைத்தவர்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்தத் தொழில் முடிந்தது. முடிந்தது சரி என்றே வைத்துக்கொண்டாலும், மாற்றுப் பிழைப்பு என்ன என்று கேட்டு அவர்களுக்காக அமைச்சருக்குக் கடிதம் எழுத முதலமைச்சர் மகனோ ஒலிம்பிக் வீரரோ அவர்களில் இல்லை. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியதே 2022 டிசம்பரில்தான்.

செல்வாக்கு இருந்தாலும் எப்போதும் பலிக்கும் என்றும் இல்லை. ஸ்காட்லாந்தில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே ஐந்து லட்சம் காற்றுத் துப்பாக்கிகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 2005இல் கிளாஸ்கோ நகரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று காற்றுத் துப்பாக்கி ரவை பட்டு இறந்தது. ஊரே கொதித்தது. லைசென்ஸ் கொண்டுவரப் போகிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்று அரசு கேட்டபோது வந்த பதில்களில் மிகப் பெரும்பாலானவை எதிர்ப்புதான். சுடும் கிளப்புகளும் வேட்டைச் சங்கங்களும் உறுப்பினர்களைத் தூண்டிக் கட்டுக் கட்டாக எழுத வைத்தன. குற்றங்கள் குறைந்துதானே வருகின்றன, போலீசுக்கு வீண் வேலை என்று வாதிட்டன. அரசு அசையவில்லை. 2015இல் சட்டம் வந்தது. 2016 டிசம்பர் 31 முதல், ஒரு ஜூலுக்கு மேற்பட்ட காற்றுத் துப்பாக்கி எதுவானாலும் போலீஸ் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பது அங்கே குற்றம். பக்கத்திலேயே இருக்கும் இங்கிலாந்தில் சுமார் 16 ஜூல் வரை காற்று ரைபிளுக்குச் சான்றிதழ் வேண்டாம். எல்லைக் கோட்டைத் தாண்டினால் சட்டம் வேறு.

கட்டுக் கட்டாகக் கடிதம் போட்டவர்கள் தோற்றார்கள். ஓர் எண்ணைக் குறித்துப் பேசியவர்கள் வென்றார்கள். ஸ்காட்லாந்து சங்கங்கள் சட்டமே வேண்டாம் என்றன. இறந்த குழந்தையின் முன் அந்த வாதம் நிற்கவில்லை. இந்திய வீரர்கள் மசோதா வேண்டாம் என்று சொல்லவில்லை. கள்ளத் துப்பாக்கிக்குத் தண்டனை கொடுங்கள், ஆதரிக்கிறோம். இந்த ஷரத்தில் இந்த எண்ணை மட்டும் மாற்றுங்கள், எங்கள் அறிவிக்கையைத் தொடாதீர்கள் என்ற அளவில் நின்றார்கள். அமைச்சருக்கும் விட்டுக்கொடுக்க எளிதாக இருந்தது, மசோதாவும் பிழைத்தது.

நம் பக்கம் என்ன நடந்தது? உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டு 2011 ஆகஸ்ட் 5 முதல் அமலுக்கு வந்தது. வணிகர் அமைப்புகள் நாடெங்கும் எதிர்த்தன. சட்டத்தையே வாபஸ் வாங்கு என்றோம். கிடைத்தது என்ன? லைசென்ஸ் எடுக்கும் கெடுவை 2012 முதல் 2016 வரை திரும்பத் திரும்ப நீட்டினார்கள். ஒவ்வொரு நீட்டிப்பையும் வெற்றி என்று சுவரொட்டி ஒட்டினோம். சட்டத்தில் ஒரு வரியும் மாறவில்லை. மூட்டையில் வந்த சரக்கைப் பிரித்து விற்கும் சில்லறை வியாபாரியிடம் கலப்படத்துக்கு எந்த அளவு பொறுப்பு, முத்திரையிட்ட பொட்டலத்தைப் பிரிக்காமல் விற்றவருக்கு என்ன பாதுகாப்பு என்று இரண்டு ஷரத்தை மட்டும் எடுத்து, மாற்று வாசகத்தையும் எழுதி, நம் தொகுதி உறுப்பினர் கையில் கொடுத்திருந்தால் பலன் வேறாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். மாற்றுக் கருத்து உடைய அன்பர்கள் இருக்கலாம். அவர்கள் கடையடைப்பின் நஷ்டக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

கடைக்காரர் கவனத்துக்கு

பொம்மைத் துப்பாக்கி விற்போருக்கு ஆயுதச் சட்டத்தைவிட அருகில் இருப்பது தர நிர்ணயச் சட்டம். 2021 ஜனவரி 1 முதல் பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் எந்தப் பொம்மைக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பிளாஸ்டிக் குண்டு பாயும் பொம்மைத் துப்பாக்கியும் இதில் அடங்கும். திருவிழாக் காலத்தில் பாரிமுனையிலிருந்து மொத்தமாக எடுத்து வரும்போது பெட்டியில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து எடுப்பது நல்லது. முத்திரை இல்லாத சரக்கு உங்கள் கடையில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். எங்கிருந்து வந்தது என்று காட்ட பில்லும் வேண்டும். பொம்மையை உண்மைத் துப்பாக்கியாக மாற்றுவது ஆயுதச் சட்டப்படி குற்றம்; அப்படிக் கேட்டு வருபவருக்கு நம் கடையில் இடம் கிடையாது.

காற்றுத் துப்பாக்கி வாங்கி விற்க நினைப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது. 2016 விதிகளின் விலக்கு வைத்திருப்பவருக்குச் சொன்னது. விற்பவருக்கும் அது தானாகவே வந்துவிடும் என்று எண்ணிச் சரக்கு எடுத்துவிட வேண்டாம். முதலில் லைசென்ஸ் அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியின் மேல் .177 என்ற அளவும் ஜூல் கணக்கும் அச்சாகியிருக்க வேண்டும். .22 என்று எழுதியிருந்தால் காற்றுத் துப்பாக்கியானாலும் அது லைசென்ஸ் பட்டியலில் சேரும். இந்த இடத்தில் ஏமாறுவது எளிது. வாங்குபவரின் பெயர், முகவரி, அடையாளச் சான்றின் நகல், துப்பாக்கியின் எண், தேதி இவற்றை ஒரு நோட்டில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, தெருவில் ஒரு நாய்க்கோ பிள்ளைக்கோ ரவை பட்டுவிட்டால் போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் கல்லாப்பெட்டி முன்தான். பள்ளிச் சீருடையில் தனியே வரும் பையனிடம் விற்கவே வேண்டாம்.

நகைக்கடை, அடகுக்கடை அன்பர்கள் காவலரை வேலைக்கு வைக்கும்போது ஆளை மட்டும் பார்க்கிறார்கள். தோளில் உள்ளதன் காகிதத்தைப் பார்ப்பதில்லை. லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது, அது தமிழ்நாட்டில் செல்லுமா, காலாவதி ஆகிவிட்டதா, மத்திய அரசின் கணினிப் பதிவில் தரும் தனி அடையாள எண் அதில் இருக்கிறதா என்று நான்கையும் பார்க்க வேண்டும். அந்த எண் இல்லாத லைசென்ஸ் செல்லாது. வடமாநில லைசென்ஸுடன் வருபவரிடம் இதை அவசியம் கேளுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். உஸ்மான் ரோட்டில் முகூர்த்த மாதமும் தேர்தலும் ஒன்றாக வந்தால் காவலர் வெறுங்கையுடன் நிற்பார். அந்த நாட்களுக்கு வேறு ஏற்பாட்டை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

மாவட்டங்களில் துப்பாக்கி லைசென்ஸ் தரும் அதிகாரி கலெக்டர். சென்னையில் போலீஸ் கமிஷனர். அலுவலகம் வேப்பேரியில் இருக்கிறது. பிள்ளைகளைப் பயிற்சிக்குச் சேர்க்க விசாரிப்பவர்கள் அங்கே போக வேண்டாம். ரைபிள் கிளப் இருப்பது எழும்பூரில், பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில். இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்தான். 2021 பிப்ரவரியில் நடிகர் அஜித்குமாரே எழும்பூர் போக வேண்டியவர் வாடகைக் காரில் வேப்பேரியில் வந்து இறங்கிவிட்டார். அங்கிருந்த போலீசார்தான் வழி சொல்லி அனுப்பினார்கள்.